வயரைக் கழட்டினது ஆர்?

நீங்கள் தமிழ்தானே பிள்ளை? போன்ல அம்மாவோட கதைச்சது காதில விழுந்தது. ஒட்டுக் கேக்கேல்லை. பக்கத்துச் சீற்றில இருந்துகொண்டு காதைப் பொத்த ஏலுமே. ஊரில எந்த இடம்? கொக்குவிலோ. சரி, கொக்குவில் எண்டால் பரவாயில்லை. அருளம்பலம் எண்டு ஆரும் உங்களுக்குச் சொந்தமோ? இல்லையோ. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ, தூரத்துச் சொந்தமும் சொந்தம்தான். இல்லை எண்டால் நல்லது. இருந்திருந்தால் நான் இதோட கதையை நிப்பாட்டியிருப்பன்.

நானும் லெஸ்ரருக்குத்தான் போறன். மனிசி அங்க தங்கச்சி வீட்டில நிக்கிறா. ஏன் நிக்கிறா எண்டு நீங்கள் கேக்கேல்லை. கேளாமல் இருக்கிறது நல்ல பழக்கந்தான். ஆனால் இந்தக் கோச் பஸ் போய்ச் சேர இன்னும் கன நேரம் கிடக்கு. ஒரு ஞாயத்தைச் சொல்லுறன், பிழை ஆரில எண்டு நீங்களே சொல்லுங்கோ. என்ர பக்கம் கேக்க ஒருத்தரும் இல்லாமல் போச்சு, அதுதான்.

எனக்கு ஒரு கடை இருந்தது. இருந்தது எண்டுதான் இனிச் சொல்லவேணும். சின்ன ரவுண். கீழ கடை, மேல வீடு. நானும் தவமலரும்தான். பிள்ளையள் இல்லை. பால், பாண், பேப்பர், போத்தில், சிகரெட், பேந்து இந்த வேப். வேப் தெரியுந்தானே, வாயில வைச்சு ஊதிற சாமான். நீங்கள் ஊதிறேல்லைத்தானே? சும்மா கேட்டனான்.

முந்தி அது ஊதி முடிய எறியிற சாமானாத்தான் வந்தது. பேந்து அதைத் தடை செய்த உடன, அதே வடிவில, அதே நிறத்தில, அடியில ஒரு ஓட்டை வைச்சு, இது சார்ஜ் பண்ணலாம் எண்டு கொண்டந்து தந்தாங்கள். எறியிற சாமானை எதுக்கு மினக்கெட்டுச் சார்ஜ் பண்ணவேணும்? எனக்கு அங்கயே முதல் சந்தேகம் வந்திட்டுது. ஆனால் சனம் வந்து கேக்குது, விக்காமல் இருக்க ஏலாது. முன்கடைக்காரனும் விக்கிறான்.

முன்கடைக்காரன் எண்டது அருளம்பலம். ரோட்டுக்கு அங்கால. இந்த நாட்டுக்கு வந்த புதுசில ரெண்டு பேரும் ஒரு பெற்றோல் ஸ்ரேசனில ஒண்டா வேலை செய்தனாங்கள், ஒரே அறையில படுத்தனாங்கள். கடை போட இவ்வளவு பெரிய இங்கிலாந்தில அவனுக்கு என்ர கடைக்கு முன்னால மட்டும்தான் இடம் கிடைச்சதாம். கேட்டால், "நீ இருக்கிற துணிவிலதான் மச்சான் வந்தனான்" எண்டான். துணிவைப் பாருங்கோ.

கொஞ்சக் காலம் கரைச்சல் இல்லை. பேந்து ஒவ்வொருத்தரா வேப்பைத் திருப்பிக் கொண்டரத் தொடங்கிச்சினம். சார்ஜ் ஏறேல்லை, சூடாகுது, லைற் எரியேல்லை. நான் நம்பேல்லை. முழுக்க ஊதி முடிச்சுப்போட்டுப் பழுது எண்டு சொல்லிப் புதுசு வாங்கிக்கொண்டு போற ஆக்களை நான் எத்தினை கண்டிருப்பன்.

போலீன் எண்டு ஒரு மனிசி. பஸ் ஓட்டி இளைப்பாறினவ. சிகரெட்டை விட்டுப்போட்டு வேப்புக்கு மாறினவ. ஒருநாள் ஒரு கடதாசித் துவாயில எதையோ சுத்திக்கொண்டு வந்து மேசையில மெல்ல வைச்சா.

"பரா, இது தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள விழுந்திட்டுது. துடைச்சுப்போட்டுச் சார்ஜில போட்டனான். இப்ப பக்கவாட்டில உப்பிக்கொண்டு வருது. எனக்குப் பயமாக் கிடக்கு. நீ இதைப் பழைய பற்றரி போடுற பெட்டிக்குள்ள போட்டுவிடு."

"புதுசு வேணுமோ?" எண்டு கேட்டன்.

"இல்லையில்லை, தேத்தண்ணிக்குள்ள போட்டது நான்தானே" எண்டு சொல்லிப்போட்டு, ஒரு பாலை வாங்கிக்கொண்டு போட்டா.

யோசியுங்கோ பிள்ளை. புதுசும் வேண்டாமாம், பிழையும் தன்னிலயாம். ஒண்டையும் கேளாமல் ஒருத்தர் ஒரு சாமானைக் கொண்டந்து தந்தால் அதுக்குள்ள ஏதோ கிடக்கு. பழசு போடுற பெட்டி கடையில நிண்டதுதான், கவுன்சில்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவினம். ஆனால் அதுக்குள்ள போட்டால் சாட்சியும் போயிடுமே. அதால நான் ஒண்டையும் போடேல்லை. திரும்பி வந்த எல்லாத்தையும் படிக்குக் கீழ, சாமான் அறையில ஒரு மட்டைப்பெட்டிக்குள்ள சேத்து வைச்சன்.

சோதிச்சுப் பாத்தால் உண்மை வெளிவருந்தானே. வீட்டில பழைய லப்ரொப் சார்ஜர் ஒண்டு கிடந்தது, நல்ல மொத்தமானது. போன்களுக்கு வாற வேகச் சார்ஜரும் கிடந்தது. எல்லாத்தையும் ஒரு மல்ரி புளக்கில குத்தி, கிறிஸ்ப்ஸ் பெட்டியளுக்கு மேல வேப்புகளை வரிசையா அடுக்கி விட்டன். கடை பூட்டேக்குள்ள போட்டால் விடிய வந்து பாக்கலாம். பச்சை எரிஞ்சால் கொண்டந்த ஆள் பொய் சொல்லியிருக்கு. எரியாட்டில் மொத்த வியாபாரி எனக்குப் பழுதைத் தந்திருக்கிறான். எப்பிடிப் பாத்தாலும் ஆரோ ஒருத்தர் பொய். அது எனக்குத் தெரிஞ்சால் போதும்.

கடையில மெற்றில்டா எண்டு ஒரு பிள்ளை வேலைக்கு நிண்டவள். மன்னார்ப் பக்கம். வந்து கன வருசம். சும்மா சொல்லக்கூடாது, வேலையில ஒரு குறையும் இல்லை. அதுகூட எனக்கு ஒரு யோசினைதான். குறையே இல்லாமல் ஒரு ஆள் வேலை செய்யுமோ? அவள் ஒருநாள் சாமான் அறைக்குள்ள போயிட்டு வந்து சொல்லுறாள்:

"பரா அண்ணை, வேப் பெட்டிக்குள்ள வாற கடதாசித் துண்டில போட்டிருக்கு, இதுகளுக்குச் சின்னச் சார்ஜர்தானாம். லப்ரொப் சார்ஜர் போடக்கூடாதாம். ஆள் பக்கத்தில நிக்கவேணுமாம். லைற் மாறின உடன கழட்டிப்போட வேணுமாம்."

"எங்க போட்டிருக்கு?"

துண்டைக் கொண்டந்து காட்டினாள். எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்து.

"உப்பினது, தண்ணி பட்டது, கீழ விழுந்து உடைஞ்சது, இதுகளைக் குத்தவே கூடாதாம் அண்ணை. கிறிஸ்ப்ஸ் பெட்டிக்கு மேல வேற கிடக்கு."

"கறண்ட் எல்லாம் ஒண்டுதான்" எண்டன். "சூடு வருது எண்டால் கறண்ட் ஒழுங்காப் போகுது. கறண்ட் போற இடத்தில குளிரே வரும்?"

அவள் துண்டை மடிச்சு வைச்சுப்போட்டு வேலையைப் பாக்கப் போனாள். ஆனால் எனக்கு மனசுக்குள்ள ஒரு கேள்வி விழுந்திட்டுது. இவ்வளவு காலமும் ஒரு துண்டும் வாசிக்காத பிள்ளை, இதை மட்டும் ஏன் வாசிக்குது?

அதுக்குப் பேந்துதான் இந்தக் கழட்டிற வேலை தொடங்கினது.

விடிய வந்து பாக்கிறன், புளக் கழண்டு கிடக்கு. சுவிச்சும் அமத்தியிருக்கு. வயரெல்லாம் வடிவாச் சுத்தி றப்பர்பாண்ட் போட்டு ஒரு பக்கத்தில கிடக்கு. முதல் நாள் நான்தான் மறந்துபோனன் எண்டு நினைச்சன். திரும்பக் குத்தினன். அடுத்த நாளும் அப்பிடியே. உப்பின வேப் ஒண்டு, போலீன் கொண்டந்தது, பெட்டியிலயே இல்லை. தேடிப் பாத்தால் பின் வளவில, மண் நிறைச்ச பூச்சாடிக்குள்ள தனியாக் கிடக்கு. என்ர சோதினையை ஆரோ வேணுமெண்டு குழப்பினம் எண்டு விளங்கிட்டுது. சோதினை நடந்தால் ஆருக்கு நட்டம்? பொய் சொன்ன ஆளுக்கு. அல்லாட்டில் பொய் சொன்ன ஆளோட சேந்த ஆளுக்கு.

மெற்றில்டாவைக் கூப்பிட்டு நேரடியாக் கேட்டன்.

"நான் தொடேல்லை அண்ணை" எண்டாள்.

"அப்ப ஆர்? கடைக்கு வாறது நீயும் நானும்தான்."

"தெரியாது. ஆனால் ஆர் கழட்டினாலும் நல்லதுக்குத்தான் கழட்டியிருக்கினம்."

கேட்டீங்களே கதையை? செய்யாத ஆள், செய்த ஆளுக்கு ஏன் ஞாயம் கதைக்கவேணும்? போதாததுக்கு ரெண்டு நாளைக்கு முதல் இவள் ரோட்டில நிண்டு அருளம்பலத்தோட சிரிச்சுக் கதைச்சதை நான் கண்ணாடிக்குள்ளால கண்டனான். கேட்டால், அவன்ர பெஞ்சாதிக்குச் சுகமில்லையாம், அதை விசாரிச்சவளாம். நாளையில இருந்து வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்.

அவள் அழேல்லை. ஏப்பிரனைக் கழட்டி மடிச்சு வைச்சாள். கடைப் பூட்டின்ர திறப்பைத் தந்தாள். "அக்காட்டச் சொல்லிப்போட்டுப் போறன்" எண்டு மேல போனாள். மேல கன நேரம் நிண்டாள். என்ன கதைச்சவை எண்டு எனக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது.

அண்டைக்குப் பின்னேரம் தவமலர் புட்டு அவிச்சு வைச்சுப்போட்டு, எனக்கு எதிர்க் கதிரையில வந்து இருந்தா. அவ வழமையா அப்பிடி இருக்கிறேல்லை. எந்த நேரமும் ஏதாவது ஒரு வேலை. வயர் கிடந்தால் சுத்துவா, பை கிடந்தால் மடிப்பா, கையில எப்பவும் ரெண்டு றப்பர்பாண்ட் கிடக்கும். அண்டைக்கு ஒண்டும் செய்யாமல் இருந்தா.

"அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிடுங்கோ" எண்டா. "வயரைக் கழட்டினது நான்தான்."

நான் சாப்பிட்டுக்கொண்டு இருந்தன்.

"படுத்துக் கிடக்கேக்குள்ள மணம் வந்தது. இனிப்பும் பிளாஸ்ரிக்கும் கலந்த மாதிரி ஒரு மணம். இறங்கிப் போய்ப் பாத்தால் கைவைக்க ஏலாத சூடு. அதுதான் கழட்டினனான். உப்பினதைச் சாடிக்குள்ள போட்டதும் நான்தான். உங்களிட்டச் சொன்னால் கத்துவீங்கள் எண்டு சொல்லேல்லை."

பிள்ளை, நான் அவவைக் கலியாணம் கட்டி முப்பது வருசத்துக்கு மேல. பொய் சொல்லத் தெரியாத மனிசி. அண்டைக்கு ஒரு ஏழைப் பிள்ளையின்ர வேலைக்காக வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லுறா எண்டால், எவ்வளவு நல்ல மனசு இருக்கவேணும். எனக்குக் கோவம் வரேல்லை, பெருமையாத்தான் இருந்தது. "சரி, சரி, சாப்பிடும்" எண்டன். அவ என்னைப் பாத்துக்கொண்டே இருந்தா. பேந்து எழும்பிப் போய்க் கோப்பை கழுவினா.

மெற்றில்டா போனால் கழட்டிறது நிக்குந்தானே? நிக்கேல்லை. அதே றப்பர்பாண்ட், அதே மாதிரி வடிவாச் சுத்தின வயர். அப்பதான் எனக்கு விளங்கினது, அவள் தந்த திறப்பு ஒண்டு, வெட்டி வைச்சிருக்கிற திறப்பு இன்னொண்டு. கடை வாசலைப் பாத்து ஒரு கமரா பூட்டினன். விடிய எடுத்துப் பாத்தால் ஒரு குருவியும் வரேல்லை. வயர் மட்டும் கழண்டு கிடக்கு. கமராவுக்குப் படாமல் வந்துபோற அளவுக்குக் கெட்டிக்காரி எண்டால், பின்னால ஆள் இருக்கெல்லோ. தனிய அவளுக்கு அந்த மூளை வராது.

முன்கதவுப் பூட்டை மாத்தினன். பின்கதவுப் பூட்டையும் மாத்தினன். அப்பவும் மனம் ஆறேல்லை. மேல் வீட்டில இருந்து படி இறங்கினால், கீழ சாமான் அறைக்குள்ள வாற ஒரு கதவு. வீட்டுக்கு வேற வாசல் இல்லை, அதாலதான் போக்குவரத்து. மெற்றில்டாவுக்கு இந்த வீட்டுக்குள்ளயும் பழக்கம். மேல ஒளிச்சு நிண்டு இறங்கி வந்தால்? அதால அந்தக் கதவுக்குக் கடைப் பக்கம் ஒரு கொண்டி அடிச்சு, பெரிய ஆமைப் பூட்டு ஒண்டு போட்டன்.

தவமலர் படியில நிண்டு பாத்துக்கொண்டு இருந்தா.

"இஞ்சால பூட்டினால் நான் எப்பிடி வெளியில போறது?"

"எங்க போகப் போறீர்? வேணுமெண்டால் போன் அடியும். நான் கீழதானே நிக்கிறன்."

"நீங்கள் நில்லாத நேரம்?"

"நில்லாத நேரத்துக்குத்தானே பூட்டு."

அவ மேல ஏறிப் போட்டா. அண்டிரவு நான் கடை முன்பக்கம் பாய் போட்டுப் படுத்தன், விடிய எழும்பிச் சாமான் அறையைப் பாத்தால், புளக் குத்தினபடி அப்பிடியே கிடக்கு. எல்லாச் சாமானும் நல்ல சூடு. ரெண்டில பச்சை. பாத்தீங்களே? பூட்டுப் போட்ட உடன கழட்டிறது நிண்டிட்டுது. இதைவிட என்ன சாட்சி வேணும்? மெற்றில்டாதான் எண்டு அண்டைக்கு எனக்கு முடிவாத் தெரிஞ்சுது.

ஏன் அப்பிடிப் பாக்கிறீங்கள்? கதை விளங்குதுதானே?

அந்தக் கிழமை தவமலருக்குக் காய்ச்சல். இருமலும். மத்தியானம் குளிசை போட்டுட்டுப் படுத்திட்டா. எனக்குச் சாமான் எடுக்கப் போகவேணும். முந்தி எண்டால் கடையில மெற்றில்டா நிப்பாள். இப்ப ஆள் இல்லை, கடையைப் பூட்டிப்போட்டுத்தான் போகவேணும். பாருங்கோ, அவளால எனக்கு எவ்வளவு கரைச்சல் எண்டு. போக முதல் வேப்புகளை ஒருக்காச் சார்ஜில குத்தினன், அண்டைக்குப் புதுசா ரெண்டு மூண்டு திரும்பி வந்திருந்தது. எல்லாக் கதவையும் பூட்டினன். திறப்புக் கோர்வையைப் பொக்கற்றுக்குள்ள போட்டுக்கொண்டு வானை எடுத்தன்.

திரும்பி வரேக்குள்ள எங்கட ரோட்டை மறிச்சு நாடா கட்டியிருக்கு. புகையெண்டால் கறுத்த புகை. கடைக் கண்ணாடி சிதறிக் கிடக்கு. போத்தில்கள் உள்ளுக்குள்ள வெடிக்கிற சத்தம். ரெண்டு தீயணைப்பு வண்டி. சனம் முழுக்க நடைபாதையில. வானை விட்டுப்போட்டு ஓடினன். பொலிஸ்காரன் மறிக்க மறிக்க நாடாவுக்குக் கீழால புகுந்து ஓடினன்.

எனக்கு ஒரே ஒரு யோசினைதான். ஆர் செய்தது? செய்த ஆள் தூரப் போயிருக்க மாட்டுது, நிண்டு பாக்கும். சனத்தின்ர முகத்தை ஒவ்வொண்டா, ஒவ்வொண்டாப் பாத்துக்கொண்டு போறன். அப்ப கண்டன், என்ர கடைச் சுவரில, மேல் ஜன்னல் வரைக்கும் ஒரு ஏணி சாத்தியிருக்கு. தீயணைப்புக்காரரின்ர ஏணி இல்லை. மரப் பிடி, வெள்ளைப் பெயின்ற் சிந்தினது. அருளம்பலத்தின்ர ஏணி. அவன் கொஞ்சம் தள்ளிக் குந்திக்கொண்டு இருமிறான். தலைமயிர் பொசுங்கியிருக்கு. கையில துணி சுத்தியிருக்கு.

"இந்த ஏணி உனக்கு எங்கால?" எண்டு கேட்டன்.

அவன் என்னை நிமிந்து பாத்தான்.

"போர்டுக்குப் பெயின்ற் அடிக்க வைச்சிருந்தனான்" எண்டான். குரல் வரேல்லை.

"ஒரு கிழமையா ஒரு போர்டுக்குப் பெயின்ற் அடிக்கிறியோ? சரியா இண்டைக்கு இந்த நேரம் ஏணி கைக்கெட்டின தூரத்தில நிண்டதோ?"

"பரா" எண்டான் அவன். "மலர் அங்க இருக்கிறா. போய்ப் பார்."

அப்பதான் திரும்பிப் பாத்தன். நான் வந்த பக்கத்தில, நடைபாதைக் கரையில போலீன் குந்தியிருக்கிறா. பக்கத்தில போலீன்ர பெரிய நீலக் கோட்டைப் போத்துக்கொண்டு ஒரு மனிசி. முகம் முழுக்கக் கரி. மூக்கையும் வாயையும் மூடி ஒட்சிசன் மாஸ்க். தவமலர். அவவைக் கடந்துதான் நான் போயிருக்கிறன். எனக்கு எப்பிடித் தெரியும் பிள்ளை? கோட்டு போலீன்ரதெல்லோ. முகமும் கரி. ஆரும் மாறித்தான் போவினம்.

பேந்து சனம் சொன்னதைக் கொண்டு பாத்தால், அவ புகை மணத்துக்கு முழிச்சுப் படியால இறங்கி வந்து, அந்தக் கதவை இடிச்சிருக்கிறா. எனக்குப் போனும் அடிச்சிருக்கிறா, நான் வான் ஓட்டிக்கொண்டு இருந்ததில எடுக்கேல்லை. திரும்ப மேல ஏறி ஜன்னலைத் திறந்து கத்தியிருக்கிறா. அருளம்பலம் கேட்டு ஓடி வந்து ஏணியை வைச்சு இறக்கியிருக்கிறான். இறங்கேக்குள்ள கால் பிசகிப்போச்சு. கதவில இடிச்ச கையும் காயம்.

சனம் அவனைத் தலையில தூக்கி வைச்சு ஆடுது. வீரனாம். நான் கேக்கிறது ஒண்டுதான். மலர் கத்தினது ரோட்டில போன ஒருத்தருக்கும் கேக்கேல்லை, கடைக்குள்ள நிண்ட அவனுக்கு மட்டும் எப்பிடிக் கேட்டது? காதைத் தீட்டிக்கொண்டு நிண்டால்தானே கேக்கும்.

தீயணைப்புக்காரரில பெரியவர் ஒருத்தர், வெள்ளைக்காரர், எல்லாம் அணைஞ்சு முடிய என்னைக் கூப்பிட்டுக் கதைச்சவர். படிக்குக் கீழதான் தொடங்கினதாம். பற்றரியாம். ஒண்டு பத்த மற்றதெல்லாம் பத்தி, மட்டைப்பெட்டி பிடிச்சுதாம். நான் சிரிச்சன். விரல் அளவு சாமான், அது ஒரு கடையைத் தின்னுமோ?

"படிக்கு முன்னால இருந்த கதவில பூட்டுக் கிடந்தது. போட்டது ஆர்?" எண்டு கேட்டார்.

"நான்தான். பாதுகாப்புக்கு."

"ஆரிட்ட இருந்து பாதுகாப்பு?"

"களவா வாற ஆளிட்ட இருந்து."

"பூட்டேக்குள்ள மேல ஆர் இருந்தது?"

"என்ர மனிசி."

அந்த மனுசன் எழுதிக்கொண்டிருந்ததை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்துக்கொண்டு நிண்டார். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கேல்லை. கடை எரிஞ்சது என்ரது, குற்றவாளி மாதிரிக் கேள்வி கேக்கிறதும் என்னை. அருளம்பலத்திட்ட ஏணியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டினமோ? இல்லை. அவனுக்குத் தேத்தண்ணி குடுத்தவை.

ஆஸ்பத்திரியில தவமலருக்குக் குரல் வரேல்லை. புகை தொண்டைக்குள்ள போயிட்டுதாம். நான் கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து எல்லாத்தையும் சொன்னன். மெற்றில்டா வெட்டி வைச்சிருந்த திறப்பு, அருளம்பலத்தின்ர ஏணி, போலீன் வேணுமெண்டு கொண்டந்து தந்த உப்பின சாமான், மூண்டையும் ஒண்டோட ஒண்டு பொருத்திக் காட்டினன். அவ கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. நித்திரையோ எண்டு பாத்தால், இல்லை, கண்ணுக்கு உள்ளால தண்ணி வருது. புகையின்ர எரிவா இருக்கும்.

அந்த நேரம் பாத்து ஆர் வந்தது எண்டு நினைக்கிறீங்கள்? மெற்றில்டா. ஒரு போத்திலுக்குள்ள சூப். என்னைக் கண்ட உடன வாசலிலயே நிண்டிட்டாள். தவமலர் கண்ணைத் திறந்து, காயம் இல்லாத கையை நீட்டி அவளைக் கூப்பிட்டா. அவள் வந்து கட்டிலில இருந்து அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டாள். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசேல்லை. மனிசர் பேசாமல் இருந்தே எவ்வளவு கதைப்பினம் எண்டு அண்டைக்குத்தான் கண்டன். என்ன இரகசியம் எண்டு நானும் கவனமாப் பாத்தன். பிடி குடுக்கேல்லை.

ஆஸ்பத்திரியால விட்ட உடன தங்கச்சி யோகமலர் கார் கொண்டந்து அவவை லெஸ்ரருக்குக் கூட்டிக்கொண்டு போட்டா. கொஞ்ச நாள் நிக்கட்டும் அத்தான், தேறி வரட்டும் எண்டா. நான் இப்ப ஒரு அறையில வாடகைக்கு இருக்கிறன். ஞாயிறு தவறாமல் இந்தக் கோச் எடுத்துப் போறன். போனால் யோகமலர் தேத்தண்ணி தருவா, தானும் எங்களோடயே இருப்பா. ஒருக்காலும் எங்களைத் தனிய விடுறேல்லை. கவனிச்சீங்களே? தன்ர வீட்டில தன்ர அக்காவைக் காவல் காக்கிறா.

போன கிழமை யோகமலருக்குப் போன் வந்து குசினிக்குள்ள போனவ. அந்த இடைவெளிக்குள்ள தவமலர் என்னோட கதைச்சா. நெருப்புக்குப் பிறகு அதுதான் முதல் தரம். குரல் இன்னும் அவவின்ர குரல் இல்லை, கரகரப்பு. எப்ப வாறீர் எண்டுதான் நான் கேக்கப்போனன், அதுக்கு முதல் அவ கேட்டா.

"அண்டைக்கு நீங்கள் என்னைக் கடந்துதான் ஓடினீங்கள். நான் கையைத் தூக்கினனான், கூப்பிட ஏலேல்லை. ஆரைத் தேடிக்கொண்டு ஓடினீங்கள்?"

நான் சொன்னன், நெருப்பு வைச்ச ஆளை எண்டு.

"ஓம்" எண்டா. "அதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது."

அவ்வளவுதான். எழும்பி, நொண்டி நொண்டி உள்ளுக்குப் போட்டா. யோகமலர் வந்து, அத்தான், கோச்சுக்கு நேரமாகுது எண்டா.

ஒரு கிழமையா எனக்கு நித்திரை இல்லைப் பிள்ளை. நீங்களே சொல்லுங்கோ. முப்பது வருசத்தில என்னட்ட ஒரு கேள்வி கேக்காத மனிசி. ஏன் பிந்தினீங்கள் எண்டும் கேட்டதில்லை, எங்க போறீங்கள் எண்டும் கேட்டதில்லை. அவவுக்கு அப்பிடிக் கேக்கத் தெரியாது. அது அவவின்ர கேள்வி இல்லை. ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம்.

ஆர் எண்டு மட்டும் இண்டைக்கு எனக்குத் தெரியவேணும். தெரியாமல் நான் அந்த வீட்டு வாசலை விட்டு எழும்ப மாட்டன்.